அழிக்காதே, ஓரமாகத் தள்ளி வை

அசைவே உயிர். கோள்கள் சுழல்கின்றன, கடல் புரள்கிறது, இதயம் துடிக்கிறது; மனிதகுலத்தின் முழு வரலாறும் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர்ந்ததன் வரலாறுதான். இந்தப் பேருண்மையை அக்கா முதன்முதலாகக் கணினித் திரையில் நிரூபித்துக் காட்டியபோது, அவர் வரைந்த சிவப்புக் கார் நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்து, ஒரு மரத்துக்குள் புகுந்து, மறுபக்கம் வெளியே வந்து, வானத்தில் போய் நின்றது.

"நல்லாத்தான் இருக்கு," என்றார் கணவர். "அங்க போக்குவரத்து நெரிசலே இல்ல."

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் எல்லாருக்கும் அவர் அக்காதான். கல்லூரிப் பெண்கள் அக்கா என்றார்கள். நாலு தடவை ஓட்டுநர் தேர்வில் தோற்று ஐந்தாம் தடவைக்குத் தயாராகிக்கொண்டிருந்த அறுபது வயதுப் பல் மருத்துவரும் அக்கா என்றார். காரணம் அக்காவின் தம்பி. ஆறு வருடங்களுக்கு முன் அக்கா சிபாரிசு செய்து அவனைப் பள்ளியில் அலுவலகப் பொறுப்பாளராகச் சேர்த்துவிட்டபோது, முதல் நாளே அவன் வாசலில் நின்று "அக்கா, டிபன் பாக்ஸை மறந்துட்டேன்" என்று கத்தியதில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அதே கணக்கில் அவனும் எல்லாருக்கும் தம்பி ஆனான். முப்பத்தெட்டு வயது, முன்மண்டையில் முடி இல்லை, இருந்தாலும் தம்பி.

அக்காவுக்கு வேலை, ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து சாகாமல் இருப்பது. பயிற்சிக் காரில் அந்தப் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. பதினான்கு வருடங்களாக அதன்மேல் ஒரு காலை வைத்தபடி, உடம்பை அரைவாசி திருப்பிக்கொண்டு, மற்றவர்களின் பயத்தைத் தன் முதுகெலும்பில் வாங்கிக்கொண்டிருந்தார். அதன் பலனாக முதுகில் இரண்டு எலும்புகள் பேச்சுவார்த்தையை நிறுத்திவிட்டன. மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "அம்மா, இனிமே ஆடாத இடமா பாத்து உட்காருங்க. இன்னும் ஒரு வருஷம் இப்படியே போனா, அப்புறம் உட்காரவே வேண்டியிருக்காது," என்று நயமாகச் சொன்னார்.

இந்த நேரத்தில்தான் முதல்வர் இரண்டாவது கிளை திறக்க முடிவு செய்தார்.

முதல்வர் என்பது அவரே வைத்துக்கொண்ட பட்டம். பள்ளிக்கு இருந்தது இரண்டு அறை, மூன்று கார், ஒரு சான்றிதழ். அந்த இரண்டு அறைகளில் ஒன்றின் கதவில் 'முதல்வர் அறை' என்று எழுதியிருந்தது. மற்றது கழிப்பறைக்குப் போகும் வழியில் இருந்த அலுவலகம். முதல்வருக்குக் கொள்கைகள் உண்டு. அதில் முக்கியமானது, பள்ளியில் எங்கேயும் யாருடைய பெயரையும் எழுதக் கூடாது, பதவியைத்தான் எழுத வேண்டும் என்பது. "பேரை எழுதினா ஆளு வேலையை விட்டுட்டுப் போயிடறான். பலகை நம்ம கிட்டயே இருந்துடுது. பதவி அப்படி இல்ல பாருங்க, அது எங்கயும் போகாது," என்று விளக்குவார்.

ஒரு திங்கட்கிழமை காலை ஊழியர்களைக் கூட்டி அறிவித்தார். புதுக்கிளையில் வகுப்பறைப் பாடம் மட்டும்தான். அங்கே கார் கிடையாது. அனுமதி கொடுக்க வரும் அதிகாரி, பள்ளி தானே தயாரித்த பாடப்படம் ஒன்று இருக்க வேண்டும் என்கிறார். பின்பக்கமாக வந்து இரண்டு கார்களுக்கு நடுவில் நிறுத்துவது எப்படி என்று கார் நகர்ந்து காட்டும் படம்.

"யாரு இந்தப் படத்தைப் பண்றாங்களோ, அவங்கதான் அங்க வகுப்புப் பொறுப்பாளர்," என்றார் முதல்வர். "நாற்காலி ரெடி."

நாற்காலி உண்மையிலேயே ரெடியாக இருந்தது. அவருடைய அறை மூலையில் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் நின்றது. முதுகுக்குத் தனியாக ஒரு சின்ன மெத்தை. கைப்பிடி. எல்லாரும் ஒருவர் பின் ஒருவராகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். மூத்த பயிற்றுநர் ஒருவர், எதற்கெடுத்தாலும் ஹாரன் அடிப்பதால் ஹாரன் என்றே பெயர் பெற்றவர், அதைச் சுற்றிவந்து பெருமூச்சு விட்டார். "எனக்குக் கம்ப்யூட்டர்னா பொத்தானைத் தொட்டாலே கை நடுங்குது. அக்கா, நீங்க விடாதீங்க. உங்க முதுகுக்குன்னே தைச்ச மாதிரி இருக்கு."

அக்கா அன்று மாலையே கணவரின் நகலகத்தில் இருந்த கணினி முன் உட்கார்ந்தார். கணவர் அடையாள அட்டைகளையும் கல்யாணப் பத்திரிகைகளையும் நகலெடுத்துக் கொடுப்பவர். கடை எட்டு மணிக்குத் திறக்கும். அதற்குமுன் காலை ஐந்தரையிலிருந்து அந்தக் கணினி அக்காவுக்கு என்று ஏற்பாடாயிற்று.

வலையில் ஒரு பாடத்தொடர் இருந்தது. தொடக்கநிலையாளருக்குப் பன்னிரண்டு பாடங்கள். கற்பித்தவரின் முகம் தெரியாது, குரல் மட்டும் வரும். குழந்தையைத் தூங்கவைக்கிற குரல். "இப்போது பந்தை மெல்ல நகர்த்துங்கள்... அருமை," என்பார். பந்து நகர்ந்ததா இல்லையா என்று தெரியாமலே அருமை என்பார். அக்காவுக்கு அது பிடித்திருந்தது. பதினான்கு வருடத்தில் அவர் யாரிடமும் அருமை என்று சொன்னதில்லை. யாரும் அவரிடமும் சொன்னதில்லை.

தத்துவம் எளிமையானது. முதல் நொடியில் கார் இங்கே என்று காட்ட வேண்டும். ஐந்தாம் நொடியில் அங்கே என்று காட்ட வேண்டும். இந்த இரண்டு இடங்களுக்கும் கீஃபிரேம் என்று பெயர். இடையில் வேண்டிய நூற்றுச்சொச்சம் படங்களை மென்பொருளே வரைந்துகொள்ளும். திரையின் கீழே ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. அது எரிந்துகொண்டிருந்தால், எதைப் பிடித்து நகர்த்தினாலும் மென்பொருள் அதைக் கட்டளை என்று எடுத்துக்கொண்டு கீஃபிரேம் போட்டுவிடும். முதல் வாரம் கார் சரியாகத் தெரியவில்லையே என்று ஒரு மரத்தை அக்கா சும்மா கொஞ்சம் தள்ளி வைத்தார். ஓட்டிப் பார்த்தால், மரம் நின்ற இடத்திலிருந்து கிளம்பி, சாலையைக் கடந்து, எதிர்ப்பக்கம் போய் நின்றது.

"இரண்டு பக்கமும் பாத்துட்டுத்தான் கடந்துச்சா?" என்று கணவர் கேட்டார்.

மூன்றாம் வாரம் பெரிய அடி. வேண்டாத ஒரு கோட்டை அழிக்கப்போய், அதோடு கட்டியிருந்த நாலு சக்கரங்களையும் அழித்துச் சேமித்தும் விட்டார். பத்து நாள் உழைப்பு. காரின் உடம்பு மட்டும் அந்தரத்தில் நின்றது. அன்றோடு ஒரு விதியை எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டினார்: 'எதையும் அழிக்காதே. ஓரமாகத் தள்ளி வை.' மென்பொருளில் வெள்ளைப் பக்கத்தைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஓர் இடம் இருக்கும். அங்கே கிடப்பது எதுவும் படத்தில் தெரியாது. அக்காவின் சாம்பல் இடத்தில் கொஞ்ச நாளில் மூன்று பழைய மரங்கள், சக்கரமில்லாத ஒரு கார், ஆறாம் பாடத்தில் பழகுவதற்கு வரைந்த ஒரு நாய் எல்லாம் குடியேறின. எதைத் தள்ளினாலும் முதலில் சிவப்புப் பொத்தானை அணைப்பார், பிறகு மறக்காமல் எரியவிடுவார்.

ஏழாம் பாடத்தில் குரல் இருபது நிமிடம் செலவழித்து ஒரு ரகசியத்தை விளக்கியது. உலகில் எந்தப் பொருளும் நின்ற இடத்திலிருந்து ஒரேயடியாக முழு வேகத்தில் கிளம்புவதில்லை; மெல்லத் தொடங்கி, வேகம் பிடித்து, மெல்ல நிற்கும். அக்கா மேசையைத் தட்டினார்.

"அட, இது கிளட்ச்சுங்க! இதைத்தானே பதினாலு வருஷமா தொண்டை கிழியக் கத்திட்டிருக்கேன்!"

அதிலிருந்து அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. சக்கரம் அதன் நடுப்புள்ளியில் சுழல வேண்டும், இல்லாவிட்டால் ஊஞ்சல் ஆடும் என்பது புரிந்தது. காரின் மூக்கு போகும் திசையைப் பார்க்க வேண்டும் என்பது புரிந்தது. பின்னால் வந்து, திருப்பி, நேராக்கி நிறுத்துவதற்குப் பதினேழு கீஃபிரேம்கள். எட்டு வாரக் காலைகள். முடிவில் சிவப்புக் கார் இரண்டு நீலக் கார்களுக்கு நடுவில் பின்பக்கமாக வழுக்கிக்கொண்டு வந்து, கடைசியில் துளி மூச்சு விடுவதுபோல நின்றபோது, அக்காவின் பிரேக் கால் தானாகத் தரையை அழுத்தியது.

"ஏய்," என்றார் கணவர், கையில் மை உருளையோடு. "இது உண்மையான காரு மாதிரியே பயமா இருக்கு."

தம்பி ஞாயிற்றுக்கிழமைகளில் வருவான். அக்கா வேலை செய்யும்போது பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து தேநீர் குடிப்பான். படத்துக்கு அவன் அளித்த பங்கு, மரம் இன்னும் கொஞ்சம் பச்சையாக இருக்கலாம் என்று சொன்னது. அக்கா மரத்தைப் பச்சையாக்கினார். ஒரு முறை அவனையும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்.

"பாருடா, இந்த ஊசி எங்க நிக்குதோ அதுதான் நேரம். கடைசிக்குக் கொண்டுபோனா கடைசிப் படம் தெரியும். முக்கியமா, எதையும் அழிச்சுத் தொலைச்சிடாத. வேணாம்னா ஓரமா தள்ளி வை."

"ஓரமா தள்ளி வைக்கணும். சரிக்கா," என்றான் தம்பி, ஒட்டியிருந்த காகிதத்தையும் படித்துக்கொண்டு.

சிவப்புப் பொத்தானைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தபோது அவனுக்கு வீட்டிலிருந்து போன் வந்துவிட்டது.

அதிகாரி வரும் நாளுக்கு முந்தைய நாள், படத்தின் முடிவில் பள்ளிச் சின்னத்தைப் போட வேண்டும் என்று முதல்வர் சொல்லி அனுப்பினார். சின்னம் அலுவலகக் கணினியில் இருந்தது. அலுவலகக் கணினியின் கடவுச்சொல் தம்பியிடம் இருந்தது. அக்காவுக்கோ மறுநாள் காலை முழுக்க வகுப்புகள். படம் இருந்த பென்டிரைவை அவனிடம் கொடுத்தார்.

"கடைசி அஞ்சு நொடி எழுத்து வருது பாரு, அதுக்கு மேல சின்னத்தை வைச்சுடு. அவ்வளவுதான். வேற எதையும் தொடாத, கண்ணு."

கடைசி ஐந்து நொடியில் வரும் எழுத்து இது: 'ஆக்கம்: மூத்த பயிற்றாசிரியை.' பெயர் போடக் கூடாது என்பதால் பதவி. அந்த ஒரு வரிக்கு எழுத்துருவைத் தேர்ந்தெடுக்க அக்கா இரண்டு காலைகளைச் செலவழித்திருந்தார். கணவருக்கு மட்டுமே தெரிந்த செய்தி அது.

மறுநாள் பதினொரு மணிக்கு, பயிற்சித் திடலில் பல் மருத்துவர் ஒரு கம்பத்தை அணுகிக்கொண்டிருந்த நேரத்தில், அக்கா போன் செய்து கேட்டார்: "எல்லாம் சரியா வருதாடா?"

"சூப்பரா வருதுக்கா. கடைசி வரைக்கும் பாத்துட்டேன்."

மூன்று மணிக்கு முதல்வர் அறையில் நாற்காலிகள் போட்டு, சன்னல் திரையை இழுத்துவிட்டார்கள். சுவரில் வெள்ளைத் துணி. முன்வரிசையில் அதிகாரி, முதல்வர். அடுத்த வரிசையில் பயிற்றுநர்கள். ஹாரன் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கதவோரம் தம்பியின் மனைவி, புதுப் புடவையில். அவளை யார் அழைத்தது என்று அக்கா ஒரு கணம் யோசித்தார். பிறகு, நாத்தனாரின் பெருமையைப் பார்க்க வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு சிரித்தார். அவளும் சிரித்தாள், ஆனால் கண்ணை வேறு பக்கம் வைத்துக்கொண்டு.

விளக்கு அணைந்தது. படம் ஓடியது.

சிவப்புக் கார் வந்தது. நின்றது. பின்னால் வந்தது. வளைந்தபோது அறையில் நாலு பேர் தங்களை அறியாமல் தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தார்கள். கார் நேராகி, மூச்சு விட்டு நின்றதும் யாரோ கைதட்டினார்கள். "அக்கா, நான் பத்து வருஷத்துல ஒரு தடவை கூட இவ்வளவு சுத்தமா நிறுத்தினதில்ல," என்று ஹாரன் காதருகில் சொன்னார். அக்காவுக்குக் கண் கலங்கியது. இருட்டில் அது பரவாயில்லை.

பிறகு எழுத்து வந்தது. திரையின் நட்ட நடுவில், இரண்டு காலை யோசித்துத் தேர்ந்த எழுத்துருவில், 'ஆக்கம்: மூத்த பயிற்றாசிரியை.' அதன்மேல் பள்ளிச் சின்னம்.

ஒரு கணம் அது நின்றது. பிறகு மெல்ல நகர ஆரம்பித்தது.

முதலில் அக்கா தன் கண் என்று நினைத்தார். வரி வலது பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. மரியாதையாகக் கிளம்பி, கொஞ்சம் வேகம் பிடித்து, திரையின் விளிம்பைத் தாண்டி, கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாக மறைந்தது. அது போகப் போக, கீழே தரையிலிருந்து இன்னொரு வரி தலையைத் தூக்கியது. மேலே ஏறியது. 'ஆக்கம்:' வந்தது. 'அலுவலகப் பொறுப்பாளர்' வந்தது. நட்ட நடுவில், பழைய வரி காலி செய்துவிட்டுப் போன இடத்திலேயே, மெல்ல நின்றது. கிளட்ச் பிசகவில்லை.

"அக்கா," என்றார் ஹாரன், கிசுகிசுப்பாக. "நீங்க எங்கயோ கிளம்பிட்டீங்க போல இருக்கே."

அறையில் அக்காவுக்கு மட்டுமே அது முழுதாகப் புரிந்தது. சாலையில் கிடக்கும் டயர் தடத்தைப் பார்த்து யார் எங்கே பிரேக் போட்டார்கள் என்று சொல்லிவிடுகிறவர் அவர். ஊசியைக் கடைசிப் படத்துக்குக் கொண்டுபோயிருக்கிறான். தன்னுடைய வரியைக் கீழே தட்டச்சு செய்து, நடுவுக்கு இழுத்திருக்கிறான். அக்காவின் வரியை அழிக்கப் பயந்து, சொல்லிக்கொடுத்தபடியே ஓரமாகத் தள்ளியிருக்கிறான். சிவப்புப் பொத்தான் எரிந்துகொண்டே இருந்திருக்கிறது. மென்பொருள் தன் வேலையைச் செய்துவிட்டது: தொடக்கத்தில் அக்கா, முடிவில் தம்பி, இடையில் வேண்டிய நூற்றுச்சொச்சம் படங்களை அதுவே வரைந்துகொண்டது. அவன் கடைசிப் படத்தை மட்டும் பார்த்தான். கடைசிப் படத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

சாம்பல் இடத்தில், அந்த நாய்க்குப் பக்கத்தில் தன்னைக் கொண்டுபோய் வைத்திருக்கிறான் என்று அக்கா நினைத்தார். வேறெதையும் நினைக்க முடியவில்லை. எழுத்துப் பழகாத வயதில் அவன் கையைப் பிடித்து 'அ' எழுதவைத்தது, பெண் வீட்டார் கேட்டபோது வேலையில் இருக்கிறான் என்று பொய் சொல்லி, மறுவாரமே அதை உண்மையாக்க முதல்வரின் வாசலில் நின்றது, எல்லாம் பிறகுதான் நினைவுக்கு வந்தன. முதலில் வந்தது நாய்.

கணினி அருகில் நின்றிருந்த தம்பியின் முகத்தில் ரத்தம் இல்லை. அவனும் அந்த ஐந்து நொடியை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தான்.

விளக்கைப் போட்டார்கள். முதல்வர் அதிகாரியின் முகத்தைப் பார்த்தார். தன் கருத்து என்ன என்று தெரிந்துகொள்ள அவர் எப்போதும் மற்றவர் முகத்தைத்தான் பார்ப்பார்.

"அந்தக் கடைசியை இன்னொரு தடவை போடுங்க," என்றார் அதிகாரி.

இன்னொரு தடவை போட்டார்கள். அக்கா இன்னொரு தடவை வெளியே போனார்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் நிறைய பாடப்படம் பாத்திருக்கேன். காரு நகரும், அம்புக்குறி வரும், முடிஞ்சிடும். ஆனா இது... அனுபவம் ஒதுங்கிக்குது. அடுத்த தலைமுறை கீழேருந்து எழுந்து வருது. முட்டிக்கல, மோதிக்கல. வழி விடுறது! நாம சாலையில கத்துக்குடுக்கறதே இதைத்தானே சார்?"

"இதைத்தான் சார் நான் ஆரம்பத்துலேர்ந்து சொல்லிட்டு வரேன்," என்றார் முதல்வர், அக்கணமே.

கைதட்டல் எழுந்தது. இந்த முறை கார் நின்றபோது எழுந்ததைவிடப் பெரிதாக.

"காரை நகத்தறது யாரு வேணா பண்ணிடலாம்," என்றார் முதல்வர், எழுந்து நின்று. "இந்த முடிவு இருக்கே, இதுக்குத்தான் மூளை வேணும். இந்தக் கடைசி அஞ்சு நொடியைப் பண்ணது யாரு?"

மனைவி கதவோரத்திலிருந்து தம்பியைப் பார்த்தாள்.

"நான்தான் சார்," என்றான்.

ஆறு வருடத்தில் அந்த அலுவலகத்தில் அவன் பேசிய ஒரே முழு உண்மை அதுவாகத்தான் இருக்கும். நாற்காலியின் பிளாஸ்டிக் உறையை முதல்வர் தன் கையாலேயே கிழித்தார்.

அக்கா அவனைக் கட்டடத்தின் பின்னால், கார் கழுவும் இடத்தில் பிடித்தார். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"என்னடா பண்ணி வெச்சிருக்க?"

"நான் அழிக்கலக்கா," என்றான் தம்பி உடனே. "சத்தியமா அழிக்கல. ஓரமாத்தான் வெச்சேன். வேணும்னா பாரு, இன்னும் அங்கதான் இருக்கு."

"ஓரமா வெச்சியா? என்னையா?"

"நீதானே சொல்லிக்குடுத்தே."

அக்கா வாயைத் திறந்தபோது வந்தது வேறொரு பேச்சு. "சிவப்பு எரியுதான்னு பாத்தியா முதல்ல?"

"எந்தச் சிவப்பு?"

"கீழ எரியுமேடா, வட்டமா! அதை அணைச்சிட்டுத்தானே எதையும் தள்ளணும்? முதல்லேர்ந்து ஒரு தடவை ஓட்டிப் பாத்தியா?"

"கடைசிப் படத்தைப் பாத்தேன். சரியா இருந்துச்சு."

"கடைசிப் படத்தை மட்டும் பாத்தா போதுமா? நடுவுல என்ன நடக்குதுன்னு பாக்க வேணாமா?" தான் திருடனுக்குத் திருத்தமாகத் திருடுவது எப்படி என்று பாடம் எடுத்துக்கொண்டிருப்பது அக்காவுக்கு அப்போது உறைத்தது. "உனக்கு எதுக்குடா அந்த நாற்காலி? உன் முதுகுக்கு என்ன கேடு?"

தம்பி குழாயை இறுக்கிப் பார்த்தான். அது நிற்கவில்லை. "எனக்கு ஒண்ணும் இல்லக்கா. இவதான்... 'உங்க அக்கா எப்படியும் காருல உட்கார்ந்துதானே இருக்காங்க, அவங்களுக்கு எதுக்கு இன்னொரு நாற்காலி'ன்னு..."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்ல?"

"கேட்டிருந்தா குடுத்திருப்பியா?"

"மாட்டேன்."

"அப்புறம் எப்படிக்கா கேக்கறது?"

அவன் கேட்டது உண்மையிலேயே புரியாமல்தான். அதுதான் அக்காவை அதிகமாக வெட்டியது. அவன் கெட்டவனாக இருந்திருந்தால் ஓர் அறை விட்டிருக்கலாம். சின்ன வயதில் அவருடைய பென்சில் பெட்டியிலிருந்து ரப்பரை எடுத்துக்கொண்டு, பெட்டியை மட்டும் பத்திரமாக மூடி வைத்தபோது இருந்த அதே முகம்.

போகத் திரும்பியவன் நின்றான். "அக்கா, கோவிச்சுக்காத. அந்தச் சக்கரம் சுத்துதே, அது எப்படின்னு ஒரு ஞாயித்துக்கிழமை சொல்லிக் குடுத்துடு. ரவுண்டானா பத்தி ஒரு படம் வேணும்னு அதிகாரி கேக்கறாரு."

அக்கா போய்க் காரில் உட்கார்ந்தார். ஐந்தரை மணி வகுப்பு. பல் மருத்துவர் ஏற்கெனவே பெல்ட் போட்டுக்கொண்டு காத்திருந்தார். அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏதாவது வலிக்குதா அக்கா?" என்று தொழில்முறைக் கரிசனத்தோடு கேட்டார். "வண்டியை எடுங்க," என்றார் அக்கா. அவர் எடுத்தார். முழு வேகத்தில், ஒரேயடியாக.

புதுக்கிளை மாத முதல் தேதியில் திறந்தது. அந்த ஐந்து நொடியைப் பள்ளியின் அடையாளமாக ஆக்கிவிட்டார் முதல்வர். எந்தப் பாடத்தைப் போட்டாலும் அது முடியும்போது மூத்த பயிற்றாசிரியை வலது பக்கமாக வெளியேறுவார், அலுவலகப் பொறுப்பாளர் கீழேயிருந்து எழுவார். தம்பி இப்போது அலுவலகப் பொறுப்பாளர் இல்லை, வகுப்புப் பொறுப்பாளர். ஆனால் அந்த வரியை மாற்ற அவனுக்குத் தெரியவில்லை. அங்கே பாடம் முடித்துக் காரோட்ட வரும் மாணவர்கள் அக்காவைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொள்கிறார்கள். "நீங்கதானே அந்த வெளிய போறவங்க?" என்கிறார்கள். ஒரு பெண், அது எவ்வளவு நெகிழ்ச்சியாக இருந்தது என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அக்கா அவளுக்கு அன்று பின்பக்கமாக நிறுத்தச் சொல்லித்தரவில்லை.

காலை ஐந்தரை மணிக்கு விழிப்பு மட்டும் இன்னும் வருகிறது. கணினியைப் போடுவதில்லை. திரையோரத்தில் ஒட்டியிருந்த காகிதத்தை ஒரு நாள் கணவர் கிழித்துக் குப்பையில் போட்டார், ஓரமாக வைக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடைக்கு யாரும் வராத நேரத்தில், நகல் இயந்திரத்தின் கண்ணாடியைத் துடைத்தபடியே கேட்டார்:

"எனக்கு ஒண்ணுதான் புரியல. யாரு பண்ணதுன்னு அந்த ஆளு கேட்டாரே, அப்ப நீ என்ன பண்ணே?"

"என்ன பண்ணச் சொல்றீங்க?" என்றார் அக்கா. "அந்த அஞ்சு நொடி அவன் பண்ணதுதானே? என்னை வெளிய தள்ளினதை நானே பண்ணேன்னு சொல்லிக்கவா? நாற்காலிக்காக அவ்வளவு கீழ இறங்கணுமா? வாயை மூடிட்டு உட்கார்ந்திருந்தேன்."

"அதான் நீ," என்றார் கணவர், மனைவியை மெச்சும் பார்வையோடு. "மானஸ்தி."

அக்கா வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது உண்மை. ஆனால் முதல்வர் கேள்வியை முடிப்பதற்குள், தம்பிக்கும் முன்பாக, அந்த அறையில் முதலில் உயர்ந்த கை அக்காவுடையது. முதல்வர் அதைப் பார்த்தார். "அவங்களுக்கு வேர்க்குது போல, ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வைங்கப்பா," என்றார். கூட்டி வைத்தார்கள்.